மகள் ஃபைன் ஆர்ட் படிக்கக் கேட்கிறாள்: லோனைப் பார்ப்பதா, பிறகு வரும் சம்பளத்தைப் பார்ப்பதா?

ஈஸ்ட்ஹாம் அம்மா:

வணக்கம். இவ்வளவு நாளும் இந்த இணையக் குழுவில் வாசித்துவிட்டுப் போய்விடுவேன். இன்றைக்கு எனக்கே ஒரு விடயம் கேட்க வேண்டியிருக்கிறது.

மகள் இயர் 13, பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம். ஏ லெவலுக்கு ஆர்ட், ஆங்கிலம், வரலாறு எடுத்திருக்கிறாள். கம்பஸில் ஃபைன் ஆர்ட்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இவர் பஸ் ஓட்டுகிறார், நான் கேர் ஹோமில் பகுதிநேர வேலை. வீட்டுக்கு இன்னும் 14 வருட மோர்ட்கேஜ் இருக்கிறது.

இவருக்குக் கடன் என்றாலே பயம். இங்கே லண்டனுக்கு வருவதற்காக ஊரில் காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டியவர். அதை வட்டியோடு அடைத்து முடிக்க ஏழு வருடம் பெட்ரோல் செட்டில் இரவு வேலை செய்தார். "என்ரை பிள்ளை கடனோடை வாழ்க்கையைத் தொடங்கக் கூடாது" என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. அக்கவுண்டிங் படிப்பதென்றால் மோர்ட்கேஜைக் கூட்டி 30,000 பவுண் எடுத்து ஃபீஸை அப்படியே கட்டிவிடுவாராம். ஆர்ட் என்றால் வீட்டுக் காசும் இல்லை, அரசாங்கம் தரும் ஸ்டூடன்ட் லோனும் வேண்டாம் என்கிறார்.

போன கிழமை அவள் தன்னுடைய படங்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தாள். ஒரு கரித்துண்டுப் படம். அம்மம்மா முருங்கையிலை ஆயும் இரண்டு கைகள் மட்டும், முகம் இல்லை. அம்மாவின் வலது மோதிர விரல் நுனியில் கொஞ்சம் வளைந்திருக்கும். 45 வருடம் அந்தக் கையால் சாப்பிட்ட எனக்கு அது படத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் "ஓம்" என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

கலைப் பட்டம் எடுத்தவர்கள் உண்மையில் எவ்வளவு உழைக்கிறார்கள்? அந்த லோன் அவர்களை எவ்வளவு நெருக்குகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹாரோ அண்ணா:

தங்கச்சி, மனம் நோகாமல் கேளுங்கள். இரக்கத்தில் முடிவு எடுக்காதீர்கள். மூன்று வருடத்தில் 50,000, 60,000 பவுண் லோன் ஏறும். 40 வருடம் கழுத்தில் தொங்கும். படம் கீறுவதை சனி, ஞாயிறு செய்யலாம். என்னுடைய இரண்டு பிள்ளைகளும் பார்மசி படித்தார்கள், இன்றைக்கு இருவருக்கும் சொந்த வீடு. படிப்பு என்பது பிள்ளை தன் காலில் நிற்பதற்கு.

அருங்காட்சியகத்தில் வேலை:

அக்கா, நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். 2014-இல் தொடங்கி 2017-இல் முடித்தேன். இப்போது ஓர் அருங்காட்சியகத்தின் கல்விப் பிரிவில் வேலை, வருடச் சம்பளம் 34,000 பவுண். போன மாதப் பே ஸ்லிப்பை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வருமான வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் கழித்தபின் கீழே ஒரு வரி இருக்கிறது: ஸ்டூடன்ட் லோன், 41 பவுண். அவ்வளவுதான். என்னுடைய போன் பில்லும் ஜிம் காசும் சேர்த்தால் அதைவிடக் கூட.

ஆனால் லோன் கம்பெனியின் இணையப் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தால் மிச்சம் 59,000 என்று நிற்கிறது. படித்து முடித்தபோது 45,000 இருந்தது. எட்டு வருடத்தில் குறையவே இல்லை, ஏறியிருக்கிறது. முதல் தடவை பார்த்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அம்மாவிடம் சொல்லவே இல்லை. இப்போது வருடத்துக்கு ஒரு தடவைகூட அதைத் திறப்பதில்லை. என் கையிலிருந்து போவது அந்த 41 பவுண்தான், அந்தப் பெரிய எண் என்னிடம் ஒருநாளும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை.

முதல் இரண்டு வருடம் நான் ஒரு பென்ஸ்கூடக் கட்டவில்லை. கஃபேயில் வேலை செய்தேன், லோன் கட்டத் தொடங்க வேண்டிய சம்பள வரம்பைத் தொடவில்லை. ஒருவரும் கடிதம் போட்டு மிரட்டவும் இல்லை. உங்கள் கணவர் ஊர்க் கடனை அடைத்த கதையை வாசித்தபோது அப்பாவின் ஞாபகம் வந்தது. அந்தக் கடனையும் இதையும் ஒரே சொல்லால் சொல்வதுதான் நம் வீடுகளில் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

தங்கச்சி சொன்னதற்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அவருடையது பிளான் 2 என்ற பழைய லோன் முறை. இங்கிலாந்தில் 2023 ஆகஸ்ட்டுக்குப் பிறகு பட்டப்படிப்புத் தொடங்குகிறவர்களுக்கு பிளான் 5. உங்கள் மகளுக்கும் இதுதான் வரும்.

வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய காசில் 9 சதவீதம் கட்ட வேண்டும். 28,000 உழைத்தால் தாண்டியது 3,000. அதில் 9 சதவீதம் வருடத்துக்கு 270, மாதத்துக்கு 22 பவுண் 50 பென்ஸ். 24,500 உழைத்தால் ஒன்றும் இல்லை. வேலை போனால் கட்டுவது நின்றுவிடும். பிள்ளை பிறந்து பாதிநேர வேலைக்கு மாறினால் தானாகக் குறையும். 40 வருடத்தில் மிச்சம் இருப்பதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். அப்பா, அம்மா கையெழுத்து வைப்பதில்லை, பிணை நிற்பதில்லை. கடன் வாங்கியவர் இறந்தால் லோனும் முடிந்தது. கிரெடிட் ரிப்போர்ட்டிலும் வராது. ஆனால் வீடு வாங்கப் போகும்போது மாதம் எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று வங்கி கேட்கும், அதை மறைக்கக் கூடாது.

இனி உங்கள் கணவரின் யோசனை. 2025-26 கல்வியாண்டு ஃபீஸ் 9,535 பவுண். அந்தக் கணக்கில் மூன்று வருடத்துக்கு 28,605. இதை 14 வருட மோர்ட்கேஜில், 4.5 சதவீத வட்டிக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 230 பவுண் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். அவருக்கு முதுகு பிடித்து ஆறு மாதம் வேலைக்குப் போகாவிட்டாலும் அந்த 230 கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாவிட்டால் வீட்டுக்குத்தான் ஆபத்து. அதே நேரம் மகள் லோன் எடுத்துப் படித்து 27,000 சம்பளத்தில் ஒரு கேலரியில் வேலை செய்தால் அவள் மாதம் கட்டுவது 15 பவுண். அவள் 15 பவுண் கட்டியிருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் 230 கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் கணவருக்கு ஒன்றை வடிவாக விளங்கப்படுத்துங்கள். நிச்சயம் நல்ல சம்பளம் வரும் என்ற பிள்ளை என்றால், கையில் காசு இருப்பவர் ஃபீஸைக் கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கலாம். அந்தப் பிள்ளை எப்படியும் லோனை முழுதாக அடைக்கும், வட்டியாவது மிச்சமாகும். வருமானம் நிச்சயமில்லாத படிப்புக்கு இந்த லோன் ஒரு குடை மாதிரி. உழைப்பு வராவிட்டால் அரசாங்கமும் நட்டத்தில் பங்கு எடுக்கும். அவர் ஆர்ட்டுக்கு "லோன் வேண்டாம்" என்பது நேர்மாறாக இருக்கிறது.

ஹாரோ அண்ணா:

கணக்குப்பிள்ளைத் தம்பி, உங்கள் கணக்கு சரி. ஆனால் பாதிதான் சொன்னீர்கள். மகள் கொஞ்சம் நல்லாக வந்து 40,000 உழைக்கிறாள் என்று வையுங்கள். 15,000-இல் 9 சதவீதம், வருடம் 1,350 பவுண். லோன் 45,000, வட்டி 3 சதவீதம் என்றால் அந்த வருட வட்டியே 1,350. எடுத்த கடன் தொகையில் ஒரு பென்ஸ்கூடக் குறையாது. 20 பென்ஸ் வரி, 8 பென்ஸ் நேஷனல் இன்ஷூரன்ஸ், 9 பென்ஸ் லோன் என்று கூடுதலாக உழைக்கும் ஒவ்வொரு பவுணிலும் 37 பென்ஸ் போகும். இதை 60 வயது தாண்டும்வரை கட்ட வேண்டும்.

அப்புறம், இந்த வரம்பை அரசாங்கம் நினைத்தபடி மாற்றும். பிளான் 2 வரம்பை 27,295 பவுணில் 2021-இலிருந்து நாலு வருடம் அசையாமல் வைத்திருந்தார்கள். விலைவாசி எல்லாம் ஏறியது, வரம்பு மட்டும் ஏறவில்லை. வரம்பு ஏறாவிட்டால் பிள்ளை கூடக் கட்டுகிறது என்றுதான் அர்த்தம். 18 வயதில் ஒரு பிள்ளை கையெழுத்து வைக்கிறது, விதிகளை 40 வருடமும் வேறு யாரோ மாற்றுவார்கள். எனக்கு அதுதான் பயம். கலைக்கு நான் எதிரி இல்லை.

கணக்குப்பிள்ளை:

அண்ணா, இதில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். பிளான் 2-இல் 30 வருடமாக இருந்ததை பிளான் 5-இல் 40 ஆக்கியது நடுத்தரச் சம்பளக்காரருக்குத்தான் அடி. கூடிய சம்பளக்காரர் விரைவில் அடைத்துவிடுவார். குறைந்த சம்பளக்காரர் கட்டுவதே சொற்பம். நடுவில் இருக்கிற ஆசிரியர், நர்ஸ், கவுன்சில் உத்தியோகத்தர்தான் முழுக் காலமும் கட்டுவார்கள். வட்டி விலைவாசி ஏற்றத்துக்கு மேல் போகாது என்பது ஒன்றுதான் பழையதைவிட நல்லது. ஆனால் இது ஆர்ட்டுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. அக்கவுண்டிங் படித்தாலும் இதே 40 வருடம்தான்.

சம்பளத்தைப் பற்றி அக்கா கேட்டதற்கு இன்னும் ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. ஐஎஃப்எஸ் என்ற நிதி ஆய்வு நிறுவனம் 2020-இல் ஒரு பெரிய அறிக்கை விட்டது. பட்டம் எடுத்தவர்கள் வாழ்நாள் முழுதும் உழைப்பதைக் கணக்கிட்டு, வரியையும் லோனையும் கழித்து, பட்டம் எடுக்காவிட்டால் என்ன உழைத்திருப்பார்கள் என்பதோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக ஆண்களுக்கு 130,000 பவுண், பெண்களுக்கு 100,000 பவுண் லாபம். ஆனால் ஐந்தில் ஒருவர் போகாமல் இருந்திருந்தால் காசு விடயத்தில் நல்லாக இருந்திருப்பார். படைப்புக் கலைகள் படித்த ஆண்களுக்குச் சராசரி நட்டம். பெண்களுக்கு ஏறக்குறையச் சரிக்குச் சரி, லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மருத்துவமும் பொருளாதாரமும் படித்தவர்கள்தான் மேலே.

இந்த எண்களை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஃபைன் ஆர்ட் காசுக்காக எடுக்கிற படிப்பு இல்லை. லோன் அவளை நசுக்காது, ஆனால் பட்டம் சம்பளத்தை உயர்த்தும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் சேர்த்தே மனதில் வையுங்கள்.

இன்னொன்று. நம் ஆட்கள் "ஆர்ட்ஸ்" என்று எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடுகிறார்கள். வரலாறு, ஆங்கிலம் படித்தவர்கள் வேறு மாதிரி. எந்தப் பட்டம் எடுத்தவரும், 2021-இல் வந்த எஸ்கியூஇ என்ற சட்டப் பரீட்சை வழியாகச் சொலிசிட்டர், அதாவது சட்டத்தரணி, ஆகலாம். அரசாங்க உத்தியோகத்துக்குப் பட்டதாரிகளை எடுக்கும் சிவில் சர்வீஸ் ஃபாஸ்ட் ஸ்ட்ரீமின் பல பிரிவுகளுக்கு எந்தப் பாடப் பட்டமும் போதும். ஆர்ட் படித்துவிட்டு பிஜிசிஇ என்ற ஆசிரியப் பயிற்சி செய்து பள்ளிக்கூட ஆசிரியராகலாம். 2025-26-இல் இங்கிலாந்தில் புது ஆசிரியரின் தொடக்கச் சம்பளம் 32,916, இன்னர் லண்டனில் 40,317. அது ஒரு மரியாதையான வாழ்க்கை.

கரித்துண்டு:

ஃபைன் ஆர்ட் படித்த ஒருவனும் இதுவரை எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். 2019-இல் முடித்தேன். இப்போது எலக்ட்ரீசியன். வருத்தப்படுகிறேனா என்றால், ஓம், வருத்தம் இருக்கிறது. ஆனால் ஹாரோ அண்ணா சொல்லும் காரணத்துக்கு இல்லை.

லோன் எனக்கு வலிக்கவே இல்லை. எனக்கு வலித்தது அந்த மூன்று வருடம். இடம் கிடைத்தது என்பதற்காக ஒரு கோர்ஸில் சேர்ந்தேன். வேறு எங்கும் போய்ப் பார்க்கவில்லை, ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாம் வருடம் எங்கள் ஸ்டூடியோவில் பாதியை வேறு துறைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆறு பேருக்கு ஒரு தடுப்பு, ஆளுக்கு ஒரு சுவர்த் துண்டு, இரண்டு கை விரித்தால் பக்கத்து ஆள்மேல் படும். டியூட்டரைக் கிழமைக்கு ஒருநாள் 20 நிமிடம் பார்க்கலாம். அச்சு இயந்திரம் பழுதாகி ஒரு டெர்ம் முழுக்க அப்படியே கிடந்தது. ஃபீஸ் மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். 2021-இல் அரசாங்கம் கலைப் பாடங்களுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசையும் பாதியாக வெட்டியது. அதனால் இப்போது இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அந்த மூன்று வருடத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. 2025 ஏப்ரலில் 18 முதல் 20 வயதுக்காரருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 பவுண் ஆனது. முழுநேரம் வேலை செய்தால் வருடம் 19,500, மூன்று வருடத்துக்கு 58,500. அதுவும் லோன் அளவுக்கு வருகிறது, ஆனால் அதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. லோனையாவது தள்ளுபடி செய்வார்கள், வயதைத் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

அக்கா, கம்பஸைச் சுற்றிப் பார்க்க விடும் ஓப்பன் டேக்குப் போகும்போது மகளைக் கேட்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு மாணவருக்கும் சொந்த இடம் எவ்வளவு? ஸ்டூடியோ இரவு எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? வேர்க்ஷாப்பில் டெக்னீஷியன் எத்தனை பேர்? படிப்பிக்கிறவர்கள் இப்போதும் தாங்களே வேலை செய்து காட்சிக்கு வைக்கிறார்களா? கடைசி வருட மாணவர்களின் டிகிரி ஷோ கண்காட்சிக்கு வெளியிலிருந்து யார் வருகிறார்கள்? சிரித்து மழுப்பினால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

இன்னொரு வழி, இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஏ லெவல் முடிந்ததும் ஒரு வருட ஆர்ட் ஃபவுண்டேஷன் டிப்ளோமா செய்யலாம். தொடங்கும் வருடம் ஆகஸ்ட் 31-இல் 19 வயது ஆகாதவர்களுக்கு அதற்கு ஃபீஸ் இல்லை. லோனும் இல்லை, ஆனால் வீட்டிலிருந்து போகிற பிள்ளைக்கு அது பெரிய பிரச்சினை ஆகாது. சிற்பம், துணி, அச்சு, கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் ஒரு வருடம் தொட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ஆர்ட்தான் என்றால் தைரியமாக விடுங்கள்.

ரெடிங் தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திண்டுக்கல் பக்கம். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் வந்து மூன்று வருடம் ஆகிறது. இந்த விவாதத்தைப் படிப்பவர்களில் எங்களைப் போன்றவர்களும் இருப்பார்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன். மேலே சொன்னதெல்லாம் இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை உள்ளவர்களுக்கு. படிப்பு தொடங்கும் நாளில் ஐஎல்ஆர் என்ற அந்த நிரந்தர அனுமதி இல்லை என்றால் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டும் ஓவர்சீஸ் ஃபீஸ்தான், லோனும் கிடையாது. அப்போது ஊர் வங்கிக் கடன்தான் வழி, அது உண்மையான கடன்.

ஊரில் என் தம்பிக்குக் கல்விக் கடன் வாங்கினோம். அப்பா உடன் கடன்தாரர். படிப்பு முடிந்து ஒரு வருடம் பொறுத்தார்கள், அப்புறம் வேலை கிடைத்ததா என்று யாரும் கேட்கவில்லை, தவணை தொடங்கிவிட்டது. இரண்டு தவணை தவறியதும் வீட்டுக்கு ஆள் வந்தது. தெருவே பார்த்தது. அப்பா அன்று சாப்பிடவில்லை. அந்த அனுபவத்தோடு இங்கே வருகிற பெற்றோர் "லோன்" என்றதும் பயப்படுவதில் தப்பே இல்லை. இங்கே சம்பளம் வந்தால்தான் வெட்டு என்பதை நான் நம்பவே எனக்கு ஆறு மாதம் ஆனது.

அகதிகள் உதவி:

ரெடிங் தம்பி சொன்னதோடு ஒரு சின்னத் திருத்தம். அகதி அந்தஸ்து கிடைத்தவர்களின் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் இங்கே வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, உடனே லோனுக்கு விண்ணப்பிக்கலாம். தற்காலிக விசாவில் நீண்ட காலம் இருக்கிற பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. 2015-இல் டிகெரே என்ற மாணவி உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றதால் விதி மாறியது. 18 வயதுக்கு மேல் என்றால் வாழ்நாளில் பாதி அல்லது 20 வருடம் இங்கே கழிந்திருக்க வேண்டும், கடைசி மூன்று வருடம் சட்டப்படி இருந்திருக்க வேண்டும். "எங்களுக்குக் கிடைக்காது" என்று தாங்களே முடிவு கட்டிய குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மட்டும். வாழ்க்கைச் செலவு லோன் எவ்வளவு வரும்? வீட்டில் இருந்து போனால் நல்லதா?

கணக்குப்பிள்ளை:

2025-26-இல் ஆகக் கூடிய தொகை: வீட்டிலிருந்து போனால் 8,877, லண்டனில் தனியாக இருந்தால் 13,762. ஆனால் குடும்ப வருமானம் 25,000 பவுணுக்கு உட்பட்டால்தான் முழுசாகக் கிடைக்கும். அந்த 25,000 என்ற எல்லை 2008-இலிருந்து மாறவே இல்லை, இது பெரிய அநியாயம். உங்கள் இருவர் சம்பளமும் சேர்த்தால் குறைத்துத்தான் தருவார்கள், குறைகிறதைப் பெற்றோர் போடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. ஆகவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், மாதாமாதம் அந்த 230 பவுணை மோர்ட்கேஜில் போடாமல் பிள்ளையின் பயணத்துக்கும் பெயின்டுக்கும் கொடுக்கட்டும். காசு உண்மையில் போதாமல் போவது அங்கேதான்.

ஈஸ்ட்ஹாம் அம்மா:

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். இவர் இந்த இழையை இரண்டு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து வாசித்தார். அருங்காட்சியகத் தங்கச்சியின் பே ஸ்லிப் கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். "கையெழுத்து வைக்கிறதும் நான் இல்லை, வீட்டுக்கு ஆள் வாறதும் இல்லை, அப்ப இது என்ன கடன்?" என்றார். மோர்ட்கேஜ்காரரோடு பேசிவைத்த நேரத்தை ரத்துச் செய்துவிட்டார்.

இரண்டு ஓப்பன் டேக்குப் போனோம். முதலாவது இடத்தில் மகள் ஸ்டூடியோ எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டதும் அந்த ஆள் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். இரண்டாவது இடத்தில் டெக்னீஷியன் அம்மா ஒருவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய் சூளையைத் திறந்து காட்டினார், முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. இவர் வாசலில் நின்று சுவரில் இருந்த பெயர்களை எல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் ஃபவுண்டேஷன் செய்வது, அதற்குப் பிறகு பார்ப்பது என்று கதைத்திருக்கிறோம். கம்பஸுக்கான யூகாஸ் விண்ணப்பத்தையும் ஜனவரி 14-க்கு முன் போட்டுவைக்கிறாள், ஒரு இடம் வரலாற்றுக்கு. அது அவளாகவே போட்டது. ஹாரோ அண்ணா, நீங்கள் சொன்ன 37 பென்ஸ் கணக்கையும் அவளே உட்கார்ந்து எழுதிப் பார்த்தாள், தெரிந்துகொண்டுதான் போகிறாள்.

நேர்முகத்துக்கு ஏ1 அளவுப் போர்ட்ஃபோலியோ பை வேண்டுமாம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

கரித்துண்டு:

என்னுடையது பரண்மேல் கிடக்கிறது, அக்கா. ஒரு பக்கத்துச் சிப் கொஞ்சம் இறுகும், மெழுகுதிரி தேய்த்தால் சரியாகிவிடும். சனிக்கிழமை பார்க்கிங் (Barking) என்ற ஊர்ப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, வரும் வழியில் கொண்டுவந்து தருகிறேன். அந்த முருங்கையிலைப் படத்தை முதல் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.